நரைக்கு மருதாணி: நிறம் தப்பினால் எங்கே தப்பியது?

நரையை மறைக்க வீட்டில் மருதாணி போடுகிறவர்கள் சொல்லும் குறைகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரஞ்சாக நிற்கிறது, காதோரம் பிடிக்கவில்லை, மருதாணிக்கு மேல் அவுரி (நீலச் சாயம் தரும் செடியின் இலைப்பொடி) போட்டும் கறுக்கவில்லை, பச்சையடிக்கிறது, பத்து நாளில் வெளுத்துவிட்டது. பொடி சரியில்லை என்று கடை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பொடியும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மருதாணியையும் அவுரியையும் ஒரே இலை போல நடத்தினோமா?

மருதாணிக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளும், மணிக்கணக்கில் ஊற வேண்டும், மிஞ்சினால் ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம். அவுரிக்குப் புளிப்பு ஆகவே ஆகாது. கலக்கிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் தலைக்குப் போய்விட வேண்டும், மிஞ்சியது செடிக்கு உரம்தான். இதை மறந்தால் எவ்வளவு உயர்ந்த பொடியும் வீண்.

முதலில் சரியான கணக்கைப் பார்த்துவிட்டு, உங்கள் குறை எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

## ஒப்பிட்டுப் பார்க்க: சரியான கணக்கு

தோள் வரை முடி என்றால் மருதாணிப் பொடி 100 கிராம், அவுரிப் பொடி 100 முதல் 150 கிராம். இடுப்பைத் தொடும் முடிக்கு இதைப் போல இரண்டரை மடங்கு. வேர்ப்பகுதிக்கு மட்டும் என்றால் தலா 50 கிராம் போதும்.

முதல் நாள் மாலை எண்ணெய் இல்லாமல் ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல் காயவிட வேண்டும். அன்றிரவே மருதாணியைச் சலித்து, 100 கிராமுக்கு 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரும் 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விட்டு, கட்டியில்லாமல் கரைத்து மூடி வைக்க வேண்டும் (கோடையில் இவ்வளவு நேரம் ஊற வேண்டியதில்லை, காரணம் கீழே “நிறமே ஏறவில்லை” பகுதியில்). பதம் இட்லி மாவைப் போல இருக்கட்டும். தோசை மாவாக இளகினால் கழுத்தில் வழியும், அடையாக இறுகினால் முடிக்குள் இறங்காது.

காலையில் சிறு சிறு வகிடாகப் பிரித்து வேரிலிருந்து தடவி, ஷவர் கேப் போட்டு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் விடலாம். பிறகு வெறும் தண்ணீரில் அலசித் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே அவுரி. 100 கிராம் அவுரிக்கும் ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர், கை பொறுக்கும் சூட்டில். நரை முரண்டு பிடிப்பதாக இருந்தால் அரை டீஸ்பூன் கல்லுப்பைப் பொடித்துச் சேர்ப்பது வழக்கம். பத்து நிமிடம் மூடி வைத்துத் தடவி, மறுபடி கேப் மாட்டி, ஒன்று முதல் இரண்டு மணி நேரம். பிறகும் வெறும் தண்ணீரில்தான் அலச வேண்டும். அடுத்த 48 மணி நேரத்துக்கு ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டும் செய்ய உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் இன்று மருதாணி, நாளை அவுரி என்று பிரித்துக்கொள்ளலாம். நிறத்தில் நட்டமில்லை. நடுவில் எண்ணெய் மட்டும் வைத்துவிடக் கூடாது.

## “நரை ஆரஞ்சாக நிற்கிறது”

இது குறையே அல்ல. மருதாணி இலையில் இருக்கும் சாயத்தின் பெயர் லாசோன். அதன் இயல்பு நிறமே ஆரஞ்சுச் சிவப்புதான். முடியில் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. முடியின் சொந்த நிறத்தை வெளுக்காது, மறைக்கவும் செய்யாது. கண்ணாடித்தாள் போல மேலே படியும். அதனால்தான் கறுத்த முடியில் வெயில் பட்டால் மட்டும் லேசான செம்மை தெரிகிறது, அதே மருதாணி வெள்ளை முடியில் பளிச்சென்று எரிகிறது.

அலசி முடித்த அன்று தெரியும் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கையில் வைத்த மருதாணி மறுநாள் கறுத்துச் சிவப்பதைப் போலத் தலையிலும் காற்றுப்பட்டு இரண்டு, மூன்று நாளில் நிறம் ஆழ்ந்து செம்பழுப்பாகும். அதற்கு மேலும் கறுக்க வேண்டும் என்றால் மருதாணியால் முடியாது, அவுரிதான் வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் இரும்புக் கடாயை நம்புகிறார்கள். தேயிலை டிகாஷனும் நெல்லிக்காய்ப் பொடியும் சேர்த்து இரும்பில் ஊற வைத்தால் விழுது மைக் கறுப்பாகிவிடும், உண்மைதான். தேயிலையிலும் நெல்லியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. பழைய எழுதுமைகள் செய்யப்பட்டதும் இந்த வினையை வைத்துத்தான். ஆனால் விழுது கறுத்த அளவுக்கு முடி கறுக்காது. ஆரஞ்சின் பளிச்சு கொஞ்சம் அடங்கிப் பழுப்புப் பக்கம் சாயும், அவ்வளவே. சிலருக்கு அது போதுமானதாக இருக்கும். கறுப்பை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இரும்புச்சத்து படிந்த முடியைப் பிறகு பார்லரில் பிளீச் செய்யக் கொடுக்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் பொரிந்துபோக வாய்ப்புண்டு.

## “நிறமே ஏறவில்லை”

மூன்று இடத்தில் தேட வேண்டும். பொடி, ஊறல், முடியின் மேல் இருக்கும் பிசுக்கு.

பொடியைச் சோதிக்க ஒரு ஸ்பூனை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து, நாலைந்து மணி நேரம் கழித்து உள்ளங்கையில் பொட்டு வைத்து இருபது நிமிடம் விடுங்கள். கழுவியதும் தெளிவான ஆரஞ்சு தெரிந்தால் பொடிக்கு உயிர் இருக்கிறது. வெளிறிய மஞ்சள் என்றால் அது பழைய பொடி, அல்லது வெயிலில் காய்ந்த இலை. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்து சோஜத், மருதாணிக்குப் பேர்போன ஊர். 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அந்தப் பெயரைப் பையில் அச்சடித்திருப்பதாலேயே பொடி புதியது என்று ஆகிவிடாது. அரைத்த தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள். வாங்கியதையும் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

ஊறல் பற்றி எல்லோரும் ‘ராத்திரி முழுக்க’ என்று ஒரே சூத்திரம் சொல்வார்கள். அது நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது. சாயம் வெளிவருவது சூட்டைப் பொறுத்தது. சித்திரை, வைகாசியில் சமையலறைச் சூடு 35 டிகிரியைத் தொடும்போது, எலுமிச்சை சேர்த்த விழுதுக்கு ஐந்தாறு மணி நேரமே போதும். வெறும் வெந்நீரில் குழைத்தது இரண்டு, மூன்று மணி நேரத்தில் தயாராகி, சீக்கிரமே வலுவும் இழக்கும். மார்கழியில், அல்லது ஊட்டி, கொடைக்கானல் குளிரில், பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு விழுதையே பாருங்கள். மேல்பரப்பு பழுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தால் சாயம் வெளிவரத் தொடங்கிவிட்டது. ஒரு துளியை டிஷ்யூ தாளில் வைத்தால் அதைச் சுற்றி ஆரஞ்சு ஈரவட்டம் பரவும். அதுதான் தடவ வேண்டிய நேரம். அப்போது வேலை வந்துவிட்டால் விழுதை அப்படியே ஃபிரீசரில் வைத்துவிடலாம், மாதக்கணக்கில் கெடாது.

மூன்றாவது பிசுக்கு. தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கும் தலை, சீயக்காய் ஒரு தடவை போட்டதால் மட்டும் எண்ணெய் விட்டுவிடாது. முடியைக் கையால் நீவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் ஒரு முறை ஷாம்பு வேண்டும். சிலிகோன் கலந்த சீரம், கண்டிஷனர் போடுகிறவர்களுக்கும் இதே கதை. பார்லரில் ஸ்மூத்தனிங், கெரட்டின் செய்துகொண்ட முடியில் மேலே ஒரு பூச்சு இருக்கும். அது தேயும் வரை நிறம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும்.

இன்னொரு குற்றவாளி விழுதுக்குள்ளேயே இருப்பான்: முட்டையும் தயிரும். முடி மென்மையாகும் என்று சேர்ப்பார்கள். லாசோன் ஒட்டிக்கொள்வது புரதத்தோடு. முட்டையிலும் தயிரிலும் இருப்பதும் புரதம்தான். கிண்ணத்திலேயே அவற்றோடு ஒட்டிக்கொண்ட சாயம் தலைக்கு எப்படி வந்து சேரும்? நிறம் வேண்டும் என்றால் மருதாணி, தண்ணீர், கொஞ்சம் புளிப்பு. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். எண்ணெய் ஊற்றிக் குழைப்பதும் இதே தவறுதான். பீட்ரூட் சாற்றின் சிவப்பு முதல் அலசலிலேயே வடிகாலுக்குப் போய்விடும். கரிசலாங்கண்ணியை முடிக்கு நல்லது என்று சேர்க்கிறவர்கள் சேர்க்கட்டும், நரையைக் கறுப்பாக்க அதை நம்ப வேண்டாம்.

வீட்டு மரத்தில் பறித்த பச்சை இலையை அரைத்துப் போட்டுப் பலன் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இலையில் தவறில்லை. மிக்ஸியில் எவ்வளவு ஓட்டினாலும் நார் நிற்கும். விழுது முடிமேல் ஒட்டிப் படியாது. பறித்த இலையை நிழலில் நாலைந்து நாள் சருகாக உலர்த்தி, பொடித்து, மெல்லிய துணியில் சலித்துப் பயன்படுத்துங்கள். விரல் நகத்துக்கு அம்மியில் அரைத்தது நன்றாகப் பிடிக்கும், தலைமுடிக்குப் பொடியே மேல்.

## “காதோரமும் நெற்றியோரமும் மட்டும் பிடிக்கவில்லை”

அதிகம் கேட்கப்படும் புகார் இதுவாகத்தான் இருக்கும். முன்நெற்றி, கிருதாப் பகுதி, உச்சி வகிடு இங்கெல்லாம் நரை முடி விறைப்பாக, கம்பி போல இருக்கும். சாயம் எளிதில் உள்ளே போகாது. போதாக்குறைக்கு முகத்தின் எண்ணெய்ப் பசையும், தினமும் பூசும் கிரீமும் அங்கேதான் படிந்திருக்கும். நாமோ பின்மண்டையில் தொடங்கி, கை சலித்த பிறகு கடைசியாக இந்த இடத்துக்கு வருவோம். கேப்பின் விளிம்பு உயர்ந்து விழுது காய்ந்துபோவதும் இங்கேதான். காய்ந்த விழுது வேலை செய்யாது.

வரிசையைத் திருப்புங்கள். தலைக்குக் குளித்த பிறகு, காதோரத்தை மட்டும் ஈரப் பஞ்சில் துளி ஷாம்பு தொட்டு இன்னொரு முறை துடைத்து அலசுங்கள். மருதாணியை முதலில் இங்கே தடவி, பிறகு மற்ற இடத்துக்குப் போய், முடிக்கும்போது மறுபடி இங்கே ஒரு கனத்த பூச்சு. பழைய டூத்பிரஷ் இதற்கு நல்ல கருவி. முடி வளரும் திசைக்கு எதிராக ஒரு தடவை, திசையோடு ஒரு தடவை. மேலே சமையலறை பிளாஸ்டிக் உறை ஒரு துண்டு ஒட்டிவிட்டால் விழுது காயாது. அவுரியிலும் இதே வரிசைதான்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால், மூன்று நாள் கழித்து அந்த இடத்துக்கு மட்டும் மருதாணியை இன்னொரு முறை போட்டு, பிறகு அவுரி போடுங்கள். நேராக அவுரியை மட்டும் திரும்பத் திரும்பப் பூசுவது வேலைக்கு ஆகாது. அடியில் மருதாணிச் சிவப்பு நன்றாக விழாத இடத்தில் அவுரி நிலைக்காது.

## “அவுரி போட்டும் கறுக்கவில்லை, செம்பழுப்பாகவே இருக்கிறது”

முதலில் கேட்க வேண்டியது: அது அவுரிதானா? தென் மாவட்டங்களில் மலமிளக்கியாகப் பயன்படும் நிலாவரையையும் அவுரி என்று சொல்லும் வழக்கம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே ‘அவுரிப் பொடி’ என்று கேட்டால் எது வரும் என்பது கடைக்காரரைப் பொறுத்தது. ‘நீலம் எடுக்கிற அவுரி, தலைக்குப் போடுறது’ என்று விளக்கிக் கேளுங்கள். இந்த நீல அவுரி சாயத்துக்காகவே திண்டிவனம் வட்டாரத்தில் பயிராகிறது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூனை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்புங்கள். உண்மையான, புதிய பொடி என்றால் பத்து, பதினைந்து நிமிடத்தில் விளிம்பிலும் மேல்பரப்பிலும் கருநீலம் படரும்; பச்சைப் பட்டாணியை நசுக்கிய வாசனை வரும். கடைசி வரை பச்சையாகவே இருந்தால் அந்தப் பொடியைத் தலையில் ஏற்ற வேண்டாம்.

பொடி தேறிவிட்டால், தவறு பெரும்பாலும் கலக்கும் இடத்தில். அவுரி இலையில் நீலம் நேராக இருப்பதில்லை, நிறமற்ற ஒரு முன்பொருளாக இருக்கிறது. தண்ணீர் பட்டதும் இலையிலுள்ள நொதி அதைப் பிரிக்கிறது. பிரிந்த பொருள் காற்றைச் சந்தித்ததும் நீலமாக மாறி, தண்ணீரில் கரையாத துகளாகிவிடுகிறது. அந்த மாற்றம் முடிக்குள் நடந்தால் முடி கறுக்கும், கிண்ணத்தில் நடந்தால் கிண்ணம்தான் கறுக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் நொதி செத்துப்போகும். எலுமிச்சை, தயிர், நெல்லிக்காய் சேர்த்தால் அதன் வேலை கெடும். கலக்கிவிட்டு ஃபோன் பேசப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் நீலம் கிண்ணத்தில் தீர்ந்திருக்கும். முடி நீளமாக இருந்தால் மொத்தப் பொடியையும் ஒரே தடவையில் கரைக்காதீர்கள். பாதியைக் கரைத்துப் பூசி முடித்த பிறகு மீதியைக் கரையுங்கள்.

மருதாணியைச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே விளைவுதான். முடியில் ஒட்டியிருக்கும் விழுதுத் துகளில் எலுமிச்சைப் புளிப்பு இருக்கிறது. அலசும் தண்ணீரில் பொடி வராத வரைக்கும் அலச வேண்டும்.

சரிசெய்வது எளிது. இரண்டு நாள் கழித்து அவுரியை மட்டும் இன்னொரு முறை, இரண்டு மணி நேரம். மருதாணியைத் திரும்பப் போட வேண்டியதில்லை.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையில் போட்டவர்களுக்கு: அந்த முறையில் கறுப்பு வராது, பழுப்புதான் வரும். மருதாணியும் அவுரியும் சம அளவென்றால் நடுத்தரப் பழுப்பு. ஒரு பங்கு மருதாணிக்கு இரண்டு பங்கு அவுரி என்றால் அடர்பழுப்பு. பழுப்பே போதும் என்பவர்கள் மருதாணியைப் புளிப்பில்லாத வெந்நீரில் ஊற வைத்து, தடவுவதற்குச் சற்று முன்பு புதிதாகக் கரைத்த அவுரியை அதில் கலக்க வேண்டும். இரண்டு பொடியையும் முதல் நாள் இரவே ஒன்றாக ஊற வைப்பது, அவுரிக்குக் கொடுத்த காசைத் தண்ணீரில் போடுவது.

## “பச்சையடிக்கிறது” அல்லது “நீலம் பாய்ந்திருக்கிறது”

அவுரி போட்டு அலசிய அன்று லேசான பச்சை தெரிந்தால் பதற வேண்டாம். நீலம் இன்னும் முழுக்க உருவாகவில்லை. 24 முதல் 48 மணி நேரத்தில் அது தானாகக் கறுக்கும். அதற்குள் ஷாம்பு போட்டுத் தேய்த்தால் மாறிக்கொண்டிருக்கும் நிறத்தையும் கழுவிவிடுவீர்கள்.

மூன்றாம் நாளும் பச்சை இருந்தால், அந்த இடத்தில் மருதாணி போதுமான அளவு ஏறவில்லை என்று பொருள். வெள்ளை முடியில் இயற்கையாகவே ஒரு மஞ்சள் சாயல் உண்டு, அதன் மேல் நீலம் விழுந்தால் பச்சைதான் வரும். மருதாணி போடாமல் நேரடியாக நரையில் அவுரி பூசியவர்களுக்குச் சாம்பல் நீலமாகவும் வரும். மாற்று மருந்து சிவப்பு. ஊறிய மருதாணியை ஒரு மணி நேரம் மேலே போட்டு அலசுங்கள். பச்சை அடங்கிப் பழுப்பாகும். அதற்கு மேலும் கறுக்க வேண்டுமானால் மறுநாள் ஒரு மணி நேரம் அவுரி.

அவுரி ஏறிய முடியைப் பிளீச் செய்து வெளுக்க நினைத்தால் அப்போதும் பச்சையே எஞ்சும், அதைப் போக்குவது எளிதல்ல. கறுப்பு நிரந்தரமாக வேண்டும் என்று உறுதி இருந்தால்தான் நீள முடி முழுவதற்கும் அவுரி போட வேண்டும்.

## “ஒரே வாரத்தில் வெளுத்து, சிவப்பு எட்டிப் பார்க்கிறது”

மருதாணி முடியோடு கட்டிப்பிணைந்துவிடும், எளிதில் போகாது. வெளுப்பது எப்போதும் அவுரிதான், அதனால்தான் கறுப்பு விலகிச் சிவப்பு தெரிகிறது. முதல் இரண்டு நாளுக்குள் ஷாம்பு போட்டீர்களா, அவுரியை அரை மணி நேரத்திலேயே கழுவிவிட்டீர்களா, முதல் நாளே சூடாக எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா என்று பாருங்கள். மூன்றும் இல்லை என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் முடிமேல் கனிமப் படிவு சேர்ந்திருக்கும், சாயம் அதன் மேல் உட்கார்ந்து அதனோடே உதிரும். பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளைத் தடம் படிகிறதா? அப்படியென்றால் மருதாணிக்கு முந்தைய நாள், ஒரு மக் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து கடைசி அலசலாக ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். விழுதுகளைக் கரைக்க ஆர்ஓ தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. கரைக்க 300 மில்லிதானே வேண்டும்.

முதல் தடவை போடுகிறவர்களுக்கு அவுரி சீக்கிரம் வெளுப்பது சகஜம். மூன்றாவது, நான்காவது சுற்றிலிருந்து கூடுதல் நாள் நிற்கும். வாரம் இரண்டு முறைக்கு மேல் ஷாம்பு போடாமல் இருப்பதும், போடும் ஷாம்புவில் நுரை குறைவாக இருப்பதும் உதவும்.

## “நுனி மட்டும் கருங்கறுப்பு, வேர் வேறு நிறம்”

மாதாமாதம் தலை முழுக்கப் போட்டால் இப்படித்தான் ஆகும். மருதாணி ஒவ்வொரு முறையும் மேலே மேலே படிந்து கொண்டே போகும். முழு முடிக்கும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வளர்ந்த ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் வேர்ப்பகுதிக்கு மட்டும் போடுங்கள். நுனிக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டால் வழியும் விழுது அங்கே பிடிக்காது. இங்கே மட்டும் எண்ணெய் நண்பன்.

## “முடி வைக்கோல் போல ஆகிவிட்டது”

மருதாணி முடியை இறுக்கும். முதல் இரண்டு நாள் சொரசொரப்பு இருப்பது இயல்பு. அது நீடித்தால் எலுமிச்சை அதிகம். 100 கிராமுக்கு நாலைந்து பழம் பிழிகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு டேபிள்ஸ்பூனுக்கு மேல் தேவையில்லை. உச்சந்தலை எளிதில் காயும் இயல்புடையவர்கள் எலுமிச்சையை விட்டுவிட்டு வெறும் நெல்லிக்காய்ப் பொடி 2 டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். 48 மணி நேரம் கடந்ததும் தேங்காய் எண்ணெய் வைத்து, மறுநாள் மிதமான ஷாம்பு. சரியாகிவிடும்.

முடியில் மணல் போலப் பொடி நிற்பது வேறு பிரச்சினை. சலிக்காத பொடி. அகலமான பக்கெட்டில் தண்ணீர் நிரப்பித் தலையைக் கவிழ்த்து, விரலால் அலம்பி விடுங்கள். தண்ணீரை இரண்டு, மூன்று முறை மாற்றினால் வந்துவிடும். குழாயடியில் நின்று தேய்த்தால் சிக்குதான் விழும். உலர்ந்த பிறகு அகலப் பல் சீப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

## “தலை பாரமாகி, சளி பிடித்துவிட்டது”

ஈர விழுதின் கனமும், அது ஆவியாகும்போது தலை குளிர்வதும்தான் காரணம். சைனஸ், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் மழை நாளிலும் மாலையிலும் போட வேண்டாம். விழுதுக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கித் தடவலாம். கேப்பின் மேல் துண்டு சுற்றினால் சூடு நிற்கும், நிறமும் கூடும். நேரத்தை ஒன்றரை மணியாகக் குறைத்து, மறுவாரம் இன்னொரு முறை போடுவதும் ஒரு வழி.

## “அரிக்கிறது, எரிகிறது, வீங்குகிறது”

இதில் காத்திருந்து பார்க்க எதுவும் இல்லை. உடனே ஏராளமான தண்ணீரில் கழுவுங்கள். கண் இமை, நெற்றி வீங்கினாலோ, கொப்புளம் போட்டு நீர் வடிந்தாலோ, மூச்சு முட்டினாலோ மருத்துவமனைக்குப் போங்கள், பொடிப் பையையும் கையோடு கொண்டுபோங்கள்.

தூய மருதாணி இப்படிச் செய்வது அரிது. ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில், கால் மணியில், அரை மணியில் கறுப்பாகும் என்று விற்கப்படும் பைகளில் பெரும்பாலும் பாரா பினைலீன் டையமின் என்ற ரசாயனச் சாயம் இருக்கும். சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். எந்த இலையும் அரை மணியில் நரையைக் கறுப்பாக்காது. மருதாணிப் பொடி மங்கிய பச்சையாக, காய்ந்த இலை மணத்தோடு இருக்க வேண்டும். பொடி கறுப்பாகவோ காபிப் பொடி நிறத்திலோ இருந்தால், குழைத்ததுமே அடர்சிவப்புச் சாயம் விட்டால், அல்லது மருந்து வாடை அடித்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பிபிடி ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க நிற்கும், கடைகளில் விற்கும் பெரும்பாலான ஹேர் டைகளும் அதற்குப் பிறகு ஆபத்துதான்.

புதுப் பை வாங்கும்போதெல்லாம் குழைத்த விழுதை முழங்கை மடிப்பின் உட்புறம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, அரை மணி கழித்துக் கழுவி, 48 மணி நேரம் கவனியுங்கள். மருதாணிக்கும் அவுரிக்கும் தனித்தனியாக. அரிப்பு மறுநாளும் அதற்கு மறுநாளும்கூட வரலாம் என்பதால் ஒரு மணி நேரச் சோதனை போதாது. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு மருதாணியே கூடாது. அவர்களுக்கு லாசோன் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். கைக்குழந்தைகளுக்கு மருதாணி வைப்பதைத் தவிர்ப்பதும் இதனால்தான்.

## “நெற்றியில் கறை, காதில் கறை, தரையில் கறை”

தடவுவதற்கு முன் நெற்றி விளிம்பு, காது மடல், பின்கழுத்தில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ ஒரு கோடு பூசுங்கள், முடிமேல் ஏறாமல். மறந்து கறை விழுந்தால் பஞ்சில் எண்ணெய் தொட்டுப் பத்து நிமிடம் ஊற வைத்து, கடலை மாவால் தேய்த்தால் பெருமளவு போகும். மீதி இரண்டு, மூன்று நாளில் தோலோடு உதிரும். குளியலறை டைல்ஸ் இடுக்கில் விழுந்ததை ஈரம் காய்வதற்குள் கழுவுங்கள். தலையணைக்கு ஒரு வாரம் பழைய துண்டு விரித்துக்கொள்ளுங்கள். அவுரி போட்ட முதல் சில நாள் தலை வியர்த்தால் நீலம் கசியும், வெளிர்நிறச் சட்டைக் காலரையும் விடாது.